கத்தி எடுத்த நாள்

ஆனி 27

இன்று எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய கத்தி வந்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேலச்சுனை ஜமீனில் அதுதான் வழக்கமாம். தங்களைவிடச் சின்ன இடத்தில் பெண் எடுத்தால் மகாராஜா அந்த வாசலை மிதிக்கமாட்டார். சிவப்புப் பட்டுறை போட்ட கத்தியைப் பல்லக்கில் ஏற்றி அனுப்புவார். கத்திக்குப் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் பூசினார்கள், பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா வெள்ளையம்மாள் நாச்சியார் எனக்குத் தாலி கட்டினார். நான் கத்தியின் பிடியில் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைக் கட்டினேன். கட்டும்போது தலை தானாகக் குனிந்துகொண்டது. ஒரு கத்திக்கு முன்னால் எதற்கு வெட்கம் என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

எங்கள் பூவன்குளம் பெயருக்குத்தான் மிட்டா, ஒரு குட்டி ஜமீன். மேலச்சுனை அணையிலிருந்து எங்கள் குளத்துக்கு வரும் மடையை அவர்கள் அடைத்துவைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கல்யாணப் பேச்சு முடிந்த மறுநாளே மடையைத் திறந்துவிட்டார்கள். என்னைப் பெற்ற ஐயா குளத்தங்கரையில் நின்று அழுதாராம். ஆக, அவர்களுக்கு ஒரு ராணி, எங்களுக்குத் தண்ணீர். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வந்த இடங்களையெல்லாம் ஐயா தட்டிக்கழித்ததில் எனக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது. இனிமேல் மூக்கைச் சுளிக்க எனக்கும் யோக்கியதை இல்லை.

ஆனி 29

மேலச்சுனை அரண்மனை. சாரல் விடாமல் பெய்கிறது. ஒரு புடவையும் காயவில்லை. என்னைத் தூக்கி வளர்த்த செண்பகம் என்னோடு வந்திருக்கிறாள். அவள் அடுப்படியில் கொடி கட்டித் துணி காயப்போட்டு இந்த வீட்டுச் சமையற்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மாமியார் என்னை மாடி அறைக்கு அழைத்துப்போய், கத்தியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் வைத்தார். வழக்கத்தை அவரே சொன்னார்.

"இது இங்கதான் இருக்கும். தெனமும் பூ வைக்கணும். அவன் ஒரு நாள் பாத்து தன் கையால எடுப்பான். அன்னைக்குத்தான் கல்யாணம் முடிஞ்சதா அர்த்தம். அன்னைக்குத்தான் மெட்டி போடுவோம், சபையில பக்கத்துல உக்கார வைப்போம்."

"எடுக்காட்டா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

"கத்தியும் பொண்ணும் அப்பன் வீட்டுக்குப் போவும். தாலியக் கழட்டிட்டு வேற எடத்துல குடுத்துரலாம். எங்க மாமனாரோட தாத்தா காலத்துல ஒரு தடவ நடந்திருக்கு." பிறகு என் கன்னத்தைத் தொட்டு, "உனக்கு அப்படி வராது மகளே," என்றார்.

சாயங்காலம் மாப்பிள்ளையைப் பார்த்தேன். முற்றத்தில் நின்று, மாடியில் நின்ற என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நாச்சியாருக்கு வசதியெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் மேலே ஏறி வரவில்லை. பெயர் உக்கிரபாண்டியத் தேவர். ஆள் ஒல்லி, வெளுப்பு, குரலும் மெல்லிசு. யாரோ பெயரை மாற்றி வைத்துவிட்டார்கள்.

ஆடி 2

ஆடி பிறந்துவிட்டது. புதிதாகக் கல்யாணமானவர்கள் ஆடியில் சேர்ந்திருக்கக்கூடாது. அதனால்தான் அவர் வரவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆடி 10

நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுதியது பொய்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாயைக் கிண்ணத்தில் போட்டு அவருக்கு அனுப்பினேன். நான் போட்ட ஊறுகாய். பூவன்குளத்தில் அதற்காகவே விருந்தாள்கள் வருவார்கள். கிண்ணம் போன மாதிரியே திரும்பி வந்தது. "மகாராஜாவுக்குப் பெரிய ராணியம்மா அடுப்புல தனியா ஆக்குதாங்க. வேற எதுவும் குடுக்கக்கூடாது," என்றாள் சமையற்காரி. சின்ன இடத்து ஊறுகாய்கூட இவர்களுக்கு ஆகாது போலிருக்கிறது.

ஆடி 18

பதினெட்டாம் பெருக்கு. புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் என் மேற்பார்வையில் செய்தேன். ஒரு தூக்கு அவருக்கு அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. நேரே போய்க் கேட்டுவிடுவது என்று விறுவிறுவென்று இறங்கினேன்.

மாடிப்படியில் பாதியில் அவர் உட்கார்ந்திருந்தார். முற்றத்துப் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், பிறகு எழுந்திருக்கவில்லை.

"மகாராஜாவுக்குப் பூவன்குளத்துக் கைப்பக்குவம் பிடிக்காதோ?"

"தெறந்து மோந்து பாத்தேன். நல்லா இருந்துச்சு."

"மோந்து பாக்கவா அனுப்புனேன்?"

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "நாச்சியாருக்குக் கோவம் நல்லா வருது. எனக்கு வரமாட்டேங்குது. எங்கப்பா பேரு வச்சதோட சரி."

நான் நினைத்ததையே அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை போட வந்தவள் சிரித்தால் சண்டை எப்படி நடக்கும்? "இங்க உக்காந்து என்ன செய்றீங்க?" என்று கேட்டேன்.

"புறாவ எண்ணுதேன்."

"எத்தன இருக்கு?"

"எண்ணி முடிச்சிட்டு மேல வந்து சொல்லுதேன்," என்றார். வரவில்லை. கொஞ்சநேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். ஜமீன்தார்களுக்கு நடையிலும் ஒரு பவுசு.

ஆவணி 5

ஆடி முடிந்து அஞ்சு நாளாகிறது. கத்திக்கு இன்று முல்லைப்பூ.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டாக்டர் மாசத்துக்கு இரண்டு தடவை வருகிறார். மகாராஜாவோடு சதுரங்கம் ஆட வருகிறார் என்றார் மாமியார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சதுரங்கம் ஆட வருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆவணி 14

சாயங்காலம் அவர் முற்றத்துக் கல்மேடையில் வந்து உட்காருவதும், நான் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் வழக்கமாகிவிட்டது. ஊர்க்கதை பேசுகிறோம். அவர் பெரிதாகக் கத்திப் பேசமாட்டார். அதனால் நான் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு கேட்கவேண்டியிருக்கிறது. விழுந்து தொலைக்கப்போகிறேன் என்கிறாள் செண்பகம்.

"வீட்டுல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க? குழல்வாய்மொழி நாச்சியார்னு கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிப்போவுமே," என்றார் இன்று.

"குழலு."

ஒருதரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கூப்பிடவில்லை. பிறகு, "வீட்டு ஞாபகம் வந்தா சொல்லுங்க. எப்ப வேணும்னாலும் போகலாம். யாரும் தடுக்க மாட்டாங்க," என்றார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நல்லபடியாகப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு வண்டியேற்றி அனுப்பப் பார்க்கிறார்.

ஆவணி 26

அவருக்கு உடம்பு சரியில்லையாம், மூன்று நாளாக முற்றத்துக்கு வரவில்லை. கல்மேடை சும்மா கிடக்கிறது. வடகம் பிழிந்தேன். பாதி வடகம் கோணலாக விழுந்திருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை, மழைக்காலத்தில் மாவு சரியாகப் புளிக்காது.

புரட்டாசி 9

மாமியார் மாடிக்கு வந்தார். என் தலையை வாரிப் பின்னிவிட்டார். பின்னிக்கொண்டே பேசினார்.

"அவனா எடுக்க மாட்டான் மகளே. கூச்சம்."

நான் திரும்பப் பார்த்தேன், தலையைப் பிடித்து நேரே வைத்தார்.

"ஆயுத பூசைக்கு இந்த வீட்டுல எல்லாக் கத்தியையும் மண்டபத்துல வரிசையா வைப்போம். எல்லாம் இதே சிவப்பு உறைதான். மகாராஜா ஒவ்வொண்ணா எடுத்துக் கண்ணுல ஒத்தி வைக்கணும். ஊரே பாக்கும். வரிசையில எது இருந்தாலும் அவன் எடுத்துத்தான் ஆவணும்." ரிப்பனை இழுத்து முடிச்சுப் போட்டார். "நான் ஒண்ணும் சொல்லல. பூசை எப்படி நடக்கும்னு சொன்னேன்."

அவர் போன பிறகும் பலகையிலிருந்த கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நல்ல மாமியார்.

புரட்டாசி 30

எனக்கு அவர் வேண்டும். இதை எழுதுவதற்கு இத்தனை நாள் ஆயிற்று.

ஐப்பசி 3

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

விடியுமுன்னே கத்தியிலிருந்த பூவை எடுத்துவிட்டு, கத்தியை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுபோய் மண்டபத்து வரிசையில் கடைசிக்கு முந்தின இடத்தில் வைத்தேன். செண்பகம் வாசலில் காவல் நின்றாள். பிறகு பெண்களோடு மாடத்துக்கு ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே நல்ல கூட்டம். அவர் பட்டு உடுத்தி வந்தார். ஒவ்வொரு கத்தியாக எடுத்தார், ஒத்தினார், வைத்தார். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். என் கத்திக்கு வந்தார். கை அதன்மேல் நின்றது. மேலே நிமிர்ந்து பார்த்தார். களைப்பு என்று நினைத்தேன். பிறகு எடுத்துக் கண்ணில் ஒத்தினார்.

மாமியார் குலவை போட்டார். "கத்தி எடுத்தாச்சு! மகாராஜா கல்யாணக் கத்திய எடுத்தாச்சு!" பெண்கள் எல்லோரும் குலவை போட்டார்கள். வெடி போட்டார்கள். வெள்ளையம்மாள் மதினி என்னைக் கட்டிக்கொண்டார். நான் வெற்றிபெற்றவளாக நின்றேன். அவர் முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

விளக்கு வைத்த நேரத்தில் படியில் காலடி கேட்டது. நாலு படி, நிற்கும். மறுபடி மூன்று படி, நிற்கும். முதல்முறையாக அவர் மாடிக்கு வருகிறார் என்று நான் புடவையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். வாசலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேச்சு வர வெகுநேரமாயிற்று.

"நீ செஞ்ச காரியம் என்னன்னு தெரியுதா உனக்கு?"

'நீ' என்று முதல்முறையாகச் சொன்னார். அதற்குச் சந்தோஷப்படக்கூட நேரமில்லை. "என்னையத் திருப்பி அனுப்பப் பாத்தீங்க. நான் எதுல கொறஞ்சு போனேன்?" என்றேன்.

அவர் தன் கணுக்காலை விரலால் அமுக்கிக் காட்டினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. பிறகு என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். உள்ளே துடிப்பு ஓடியது, தடுக்கி நின்றது, மறுபடி ஓடியது.

"சின்னப் பிள்ளையில ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுல நெஞ்சு கெட்டுப்போச்சு. அடுத்த சாரலப் பாக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கல்யாணத்துக்கு முந்தியே சொல்லிட்டாரு."

"அப்ப எதுக்குக் கல்யாணம்?"

"பிள்ளையும் இல்லாம, பொண்டாட்டியும் இல்லாம நான் போனா ஜமீன் கீழச்சுனைப் பங்காளிகளுக்குப் போயிரும். பொண்டாட்டி ஒருத்தி இருந்தா அவ ஒரு பிள்ளையத் தத்தெடுக்கலாம். எங்கம்மா எனக்குப் பொண்ணு பாக்கல குழலு. விதவை பாத்தாங்க."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"நான் மாட்டேன்னு சொன்னேன். அம்மா சோறு தண்ணி இல்லாமக் கெடந்தாங்க. அப்பதான் இந்தக் கத்தி வழக்கம் ஞாபகம் வந்துச்சு. கத்திய அனுப்பிருவோம், கடைசிவரைக்கும் எடுக்காம இருந்துருவோம்னு நெனச்சேன். நான் போன பொறவு நீ கத்தியோட உங்க வீட்டுக்குப் போயிருவே. உங்க குளத்துக்குத் தண்ணியும் கெடச்சிருக்கும். உனக்கு வேற நல்ல எடம் அமையும். எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செஞ்சேன். நீ ஒரே நாள்ல கெடுத்துட்டியே!"

"எல்லாத்தையும் யோசிச்சீங்க. என்னைய ஒரு வார்த்த கேக்கல," என்றேன். வேலையாட்கள் இரண்டு பேர் வந்து கைத்தாங்கலாக அவரைக் கீழே அழைத்துப்போனார்கள்.

புறா எண்ணியது, சுவரைப் பிடித்து இறங்கியது, சதுரங்கப் பெட்டி. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. உப்பு ஆகாது என்பதால்தான் ஊறுகாய் திரும்பி வந்திருக்கிறது. நான் பெரிய புத்திசாலி.

ஐப்பசி 4

எழுத ஒன்றுமில்லை.

ஐப்பசி 5

மெட்டி போட்டார்கள். மாமியார் என் காலைத் தன் மடியில் வைத்துத் தானே போட்டுவிட்டார்.

ஐப்பசி 11

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. கல்மேடையில் யாருமில்லை. நான் கம்பியருகே நிற்பதில்லை.

ஐப்பசி 23

தீபாவளி. மகாராஜா மாமனார் வீட்டுக்குப் போகமாட்டாரல்லவா, ஐயாவே சீர்வரிசையோடு வந்தார். குளம் நிறைந்திருக்கிறதாம். நடவு முடிந்துவிட்டதாம். சொல்லிக்கொண்டே போனார். அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

தனியாக இருக்கும்போது கேட்டேன். "ஐயா, அவங்களுக்கு நெஞ்சுநோவுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சீர்த்தட்டில் இருந்த வாழைச் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "பொண்ணு கேக்க வந்தப்ப மாப்பிள்ளை எப்படீன்னு நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க தாயி. நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா சொல்லிருவாங்கன்னுதான்."

ஐயாவுக்கு இலை போட்டுப் பரிமாறினேன். வேறென்ன செய்வது?

ஐப்பசி 24

ஐயா ஊருக்குப் போன கையோடு நான் கீழே போனேன். அவர் அறையில் அவருக்குச் சாப்பாடு வைத்திருந்தார்கள். குழைந்த சோறு, வெறும் பருப்பு, வெந்த புடலங்காய். ஒரு தட்டை எடுத்துப்போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து அதிலிருந்தே எனக்கும் போட்டுக்கொண்டேன்.

"அதுல உப்பு இல்ல," என்றார். இருபது நாளில் பேசிய முதல் பேச்சு.

"தெரியும்."

ஒரு வாய் தின்றேன். ஒன்றும் சொல்வதற்கில்லை, அவ்வளவு மோசம். என் முகத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேருக்கும் அழுகையாகிவிட்டது. சமையற்காரி கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

கார்த்திகை 2

என் பெட்டியைக் கீழே கொண்டுவந்துவிட்டேன். அவரால் படுக்க முடியாது, மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிவிட்டேன். கழுத்துத்தான் பிடித்துக்கொள்கிறது. சாப்பாடும் தினமும் அவரோடுதான், உப்பில்லாமல்.

தனியாக இருக்கும்போது அத்தான் என்று கூப்பிடுகிறேன்.

கார்த்திகை 6

பல்லாங்குழி ஆடினோம். அவர் கள்ளாட்டம் ஆடுகிறார். சோழியை வேட்டி மடிப்பில் ஒளித்துவைக்கிறார். ஒரு ஜமீன்தார் செய்கிற காரியமா என்று கேட்டேன். "ஜமீன்தார்னா வேற என்ன செய்வாங்கன்னு நெனச்சே?" என்கிறார்.

கார்த்திகை தீபம்

அரண்மனை முழுதும் விளக்கு. அவரைக் கல்மேடையில் உட்காரவைத்துவிட்டு நான் மாடிக்குப் போய்ப் பழையபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நாச்சியாருக்கு வசதியெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். "ஒரு கொறையும் இல்ல மகாராஜா," என்றேன். நான் சந்தோஷமாக இருக்கிறேன். இப்படி ஒரு நிலைமையில் சந்தோஷமாக இருக்கலாமா என்று தெரியவில்லை. இருக்கிறேன்.

மார்கழி 12

குளிர் அவருக்கு ஆகவில்லை. வீக்கம் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. செருப்பு நுழையவில்லை. டாக்டர் ஊசி போட்டார். இந்தத் தடவை சதுரங்கம் என்று யாரும் சொல்லவில்லை.

மார்கழி 20

மாமியார் ஒரு குழந்தையை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். தூரத்துச் சொந்தக்காரர் மகன். ஏழெட்டு மாசம் இருக்கும். "மூக்கப் பாரு, நம்ம வம்சத்து மூக்கு," என்றார். அவர் இன்னும் இருக்கிறார் அத்தை, அடுத்த அறையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார் என்று கத்த வேண்டும்போல இருந்தது. குழந்தை என் தாலியைப் பிடித்து இழுத்து வாயில் வைத்தது. நான் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துபோனேன்.

தை 1

பொங்கலில் ஒரு வாய் வேண்டும் என்று ஆசைப்பட்டார். சர்க்கரைப் பொங்கல்தானே, கொடுத்தேன். ரெண்டு வாய்.

தை 19

இன்று எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. எழுதவே கை வரவில்லை.

அவர் பேசுவதென்றால் இப்போது நாலு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்தவேண்டியிருக்கிறது. காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"குழலு. பூசையில அந்தக் கத்தி எதுன்னு எனக்குத் தெரியும்."

"பொய்."

"பூவ எடுத்துட்டே. பிடியில மஞ்சக் கயிறு கெடந்துச்சு. மறந்துட்டே. கைய வச்சதுமே தெரிஞ்சுபோச்சு." நிறுத்தினார். "தாண்டி அடுத்ததுக்குப் போயிருக்கலாம். யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. மேல பாத்தேன். நீ கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னே. தாண்ட மனசு வரல."

நான் ஒத்தடத் துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

"எனக்கும் ஆசை இருக்காதா? எடுத்துட்டு, நேரா உங்கிட்ட வந்து நீ கெடுத்துட்டேன்னு சத்தம் போட்டேன். உன்னைக் கெடுத்தது நான்."

அவரை அடிக்கவேண்டும்போல இருந்தது. காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். இத்தனை நாளும் நான் ஏமாற்றிப் பிடித்த புருஷன் என்று உள்ளுக்குள் குன்றிக்கொண்டிருந்தேன். அவர் தெரிந்தே எடுத்திருக்கிறார். என்னை வேண்டுமென்று எடுத்திருக்கிறார்.

அழுது முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார். "நான் போன பொறவு கீழச்சுனைக்காரங்க சும்மா இருக்க மாட்டாங்க. தெரிஞ்சு எடுத்தேனான்னு கேப்பாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிரு. நீயா ஒளிச்சு வச்சேன்னு சொல்லு. அப்படீன்னா எடுத்தது செல்லாது. வெள்ளை கட்ட வேண்டாம். உங்க வீட்டுக்குப் போ. கையில அடிச்சுச் சத்தியம் குடு."

குளிர்ந்த கையை நீட்டிக்கொண்டே இருந்தார். நீட்டிய கையைத் தாங்கிப் பிடிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. அடித்துக் கொடுத்தேன்.

மாசி 6

விடியற்காலம். உட்கார்ந்தபடியே. தலை என் தோளில் இருந்தது. தூங்குகிறார் என்று நான் அசையாமல் இருந்தேன். செண்பகம் வந்து சொல்லும்வரை அசையவில்லை.

மாசி 13

வருகிற பெண்களெல்லாம் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ராத்திரி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். படுத்தால் தூக்கம் வரவில்லை.

மாசி 21

பதினாறாம் நாள்.

தாலியைக் கழற்றி வாங்குவதற்கு முன்னால் ஐயா என் அறைக்கு வந்தார். கத்தியை நான் திருட்டுத்தனமாக வைத்த கதையைச் செண்பகம் அவரிடம் சொல்லியிருக்கிறாள். என் நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கிறாள். ஐயா கீழச்சுனைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். சபையில் கேட்கப்போகிறார்கள்.

"ஒரே வார்த்த தாயி. அவருக்குத் தெரியாதுன்னு சொல்லிரு. இன்னைக்கே வண்டி கட்டிருவோம். மடைய அடச்சாலும் அடச்சுட்டுப் போறாங்க. அன்னைக்கு நான் கேக்கவேண்டியதக் கேக்கல. இன்னைக்கு இதையாவது செய்ய விடு." ஐயா என் முன்னால் கைகூப்பினார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததேயில்லை.

மண்டபத்தில் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தார்கள். மாமியார் ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஜாடைகூடக் காட்டவில்லை. மகனையும் பறிகொடுத்தாயிற்று, ஜமீனும் இப்போது என் வாயில் இருக்கிறது. முதல்முறையாக அவர் ஒரு கிழவியாகத் தெரிந்தார்.

கீழச்சுனைப் பெரியவர் எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "நாச்சியார் மனசறிஞ்சு சொல்லணும். மகாராஜா அந்தக் கத்திய இன்னதுன்னு தெரிஞ்சு எடுத்தாங்களா, தெரியாம எடுத்தாங்களா?"

அடித்துக் கொடுத்த கை எனக்கு ஞாபகம் இருந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை. சொன்னால் நான் பூ வைத்துக்கொள்ளலாம். யாராவது ஒருவர் என்னைக் கட்டிக்கொள்வார், இந்தத் தடவை மாப்பிள்ளையே வருவார். என் வயிற்றிலும் பிள்ளைகள் பிறக்கும். எனக்கு அதெல்லாம் வேண்டாம் என்று எழுதினால் அதுவும் பொய். எனக்குப் பத்தொன்பது வயது.

ஆனால் அவர் வாழ்நாளில் ஆசைப்பட்டு எடுத்தது அந்த ஒன்றுதான். அதைக் கைதவறி எடுத்தார் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்?

"தெரிஞ்சுதான் எடுத்தாங்க," என்றேன்.

சத்தம் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடி கேட்டார்கள். இந்தத் தடவை மண்டபம் முழுதும் கேட்கிற மாதிரி சொன்னேன். "பிடியில நான் கட்டுன மஞ்சக் கயிறு இருந்துச்சு. அதப் பாத்தாங்க. என்னையும் பாத்தாங்க. பாத்துட்டுத்தான் எடுத்தாங்க."

ஐயா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். மாமியார் எழுந்துவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஜமீனுக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும்.

இந்த வீட்டு வழக்கப்படி, கட்டியவர்தான் கழற்றவேண்டும். வெள்ளையம்மாள் மதினி வந்தார். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. நான் தலையைக் குனிந்து, அவர் விரலுக்கு எட்டும்படி முடிச்சை முன்னால் இழுத்துக் கொடுத்தேன்.

மாசி 22

கத்தியை ஆயுதசாலையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கயிற்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். தத்துக்குப் பங்குனியில் நாள் பார்க்கிறார்கள்.

மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஒரு வாய் வைத்தேன். உப்புப் போட்டிருந்தார்கள். மகாராஜாவே போய்விட்டார், பதினாறும் முடிந்தது, இனி இவளுக்கு எதற்குப் பத்தியம் என்று சமையற்காரி நினைத்திருப்பாள். அவள் மேல் தப்பில்லை.

தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உப்பில்லாமல் கொண்டுவரச் சொன்னேன்.